பிழைச்செய்தியைப் படித்துக் காட்டுங்கள்

முதல் செமஸ்டர் தொடங்கிச் சில நாட்களிலேயே இந்தப் புகார் வந்துவிடும். "மேம், என் புரோகிராம் நல்லா ஓடுது. ஆனா போர்ட்டல்ல மார்க் விழலை." சொல்கிற பிள்ளை பொய் சொல்வதில்லை. அவன் லேப்டாப்பில் அது ஓடத்தான் செய்கிறது. இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிச் சொல் என்று கேட்டிருப்பேன். அவன் எழுதியது, "முதல் எண்ணைக் கொடுக்கவும்" என்று ஆங்கிலத்தில் கேட்கும், அடுத்ததையும் கேட்கும், "கூட்டுத்தொகை இது" என்று ஒரு முழு வாக்கியமாக விடை சொல்லும். எங்கள் போர்ட்டலான மூடிலில் நான் ஏற்றி வைத்திருக்கும் சோதனைக்கு 12 என்ற ஓர் எண் மட்டும் போதும். அதற்கு முன்னால் ஒரு வாக்கியம் வந்தால் சிவப்பு விழும்.

இந்தப் பழக்கம் ரெக்கார்டு நோட்டிலிருந்து வருகிறது. எங்கள் லேபில் ஒரு தலைமுறையே டர்போ சி-யின் நீலத் திரையில் படித்தது. போர்லாண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட டர்போ சி-யும், பின்னால் வந்த அதன் சி பிளஸ் பிளஸ் பதிப்பும், உலகம் கைவிட்ட பிறகும் நம் கல்லூரிகளில் நெடுங்காலம் வாழ்ந்தன. திரையைத் துடைக்க ஒரு கட்டளை, கடைசியில் விசை அழுத்தும்வரை காத்திருக்க ஒரு கட்டளை, இரண்டுக்கும் மேலே கோனியோ என்ற தலைப்புக் கோப்பு. காரணம் தெரியாமலே எல்லோரும் எழுதினார்கள், எல்லா நோட்டிலும் இருந்தது. இணையத்தில் இயங்கும் ஜிசிசி கம்பைலருக்கு அந்தக் கோப்பே கிடையாது. 'அப்படி ஒரு கோப்பும் இல்லை, கோப்புறையும் இல்லை' என்று முதல் வரியிலேயே நிறுத்திவிடும்.

நான் திருவல்லிக்கேணியில் குடியிருந்துகொண்டு, நகரத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. முதலாண்டுக்குப் புரோகிராமிங் எடுக்கிறேன். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது பாடம் மொத்தமும் இணையத்துக்குப் போனது. கதவுகள் திறந்த பிறகும் பயிற்சிகளையும் வாராந்திரத் தேர்வையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். மூடில் என்பது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட இலவச மென்பொருள். அதற்குள் புரோகிராமை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடும் கோட்ரன்னர் என்ற செருகுநிரல், நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இரண்டுக்கும் காசு கிடையாது. அரசு உதவியில் ஓடும் ஒரு கல்லூரிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எங்கள் பேட்டைக்குப் பாடம் வீட்டுக்கு வருவது புதிதில்லை. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல் அஞ்சல் வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. அதில் படிப்பவர்களும், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும், வேலை தேடுகிறவர்களும் மேன்ஷன் அறைகளில் தங்கி, பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகம் வாங்கிப் படித்த ஊர் இது. பாலகுருசாமியின் சி புத்தகமும் யஷ்வந்த் கானித்கரின் 'லெட் அஸ் சி'யும் அங்கே அட்டை கிழிந்த நிலையில் எப்போதும் கிடைக்கும். அண்ணா சாலையைத் தாண்டினால் ரிச்சி தெரு; பழைய லேப்டாப் அங்கே வாங்கலாம். ஒரு மாணவர் கணினி படிக்கத் தேவையானதெல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அந்த நடைக்குத் தடை வந்த மாதங்களில்தான் எது இருந்தது, எது இல்லை என்பது தெரிந்தது.

அரசுப் பள்ளியில் படித்தவர்களிடம் அரசு தந்த லேப்டாப் இருந்தது. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டம் இல்லையென்றால் என் வகுப்பில் பாதிப் பேர் போனில்தான் புரோகிராம் எழுதியிருப்பார்கள். சிலர் அப்படித்தான் எழுதினார்கள். போன் விசைப்பலகையில் நெளிவு அடைப்புக்குறி மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கும். வரியின் முதல் எழுத்தைப் போன் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். கம்பைலருக்கோ பெரிய 'ஐ'யில் தொடங்கும் 'இன்ட்' யாரென்றே தெரியாது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி என்று தமிழக அரசு ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு இலவச டேட்டா அட்டை கொடுத்தது. அதற்குப் பிறகு வகுப்பில் பாதியில் காணாமல் போகிறவர்கள் குறைந்தார்கள்.

வகுப்பு நடக்கும்போது யாராவது மைக்கைத் திறந்தால் அவர்கள் தெரு உள்ளே வந்துவிடும். வாலாஜா பள்ளிவாசலின் மாலைத் தொழுகை அழைப்பு என் ஜன்னலிலும் கேட்கும், ஒரு விநாடி தள்ளி ஒரு மாணவன் மைக்கிலும் கேட்கும். பெரிய தெருவில் ஆட்டோ ஹார்ன். ஜாம் பஜாரில் அப்பாவின் கடையில் உட்கார்ந்தபடி வகுப்பைக் கேட்ட ஒரு பையன், நடுவே வாடிக்கையாளருக்கு விலை சொல்லிவிட்டு, அதே மூச்சில் "ஃபார் லூப்ல கடைசி நம்பர் வராதா மேம்?" என்று கேட்டான். அந்தச் சந்தேகம் அன்று கேட்கப்பட்டவற்றிலேயே சிறந்தது.

லேபில் ஆசிரியர் செய்கிற உண்மையான வேலை நடப்பதுதான். வரிசை வரிசையாக நடந்து, தோளுக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்த்து, "அந்த செமிகோலனைப் பாரு" என்று சொல்லிவிட்டு நகர்வோம். நாற்பது பேர் லேபில் யார் திணறுகிறார்கள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரியும். இணைய வகுப்பில் முதுகு கிடையாது. முகமும் பெரும்பாலும் கிடையாது. கேமராவை அணைத்துவிடுவார்கள், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. நாலு பேர் தங்கும் அறையை வகுப்பு முழுக்கக் காட்ட யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனால் மூடில் இன்னொன்றைக் கொடுத்தது, லேபில் ஒருநாளும் கிடைக்காத ஒன்றை. ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு முறை சப்மிட் செய்ததும் நேரத்தோடு பதிவாகிறது. யார் என்ன எழுதினார், பிழை வந்ததும் எதை மாற்றினார், எவ்வளவு நேரம் கழித்து மாற்றினார் என்று எல்லாம் இருக்கும். பெரும்பாலான ஆசிரியர்கள் மதிப்பெண் பத்தியை மட்டும் இறக்கிக்கொண்டு இதைத் திறப்பதே இல்லை. இணைய வழியில் புரோகிராமிங் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: சரியா தவறா என்ற தீர்ப்பை இயந்திரத்திடம் விடுங்கள், தவறுக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே மாணவரின் தலைக்குள் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். நம் வேலை அங்கேதான் கிடக்கிறது.

ஒரு மாணவியின் பதிவை அப்படித் திறந்து பார்த்தேன். ஒன்று முதல் கொடுத்த எண் வரை கூட்டும் கணக்கு. 5 கொடுத்தால் 15 வர வேண்டும், அவளுக்கு 10 வந்தது. நள்ளிரவுக் கெடுவுக்குச் சற்று முன்னால் நிமிடத்துக்கு ஒரு முயற்சி. 'சிறியது' குறியைப் 'பெரியது' என்று மாற்றினாள், விடை சுழியமானது. தொடக்கத்தைச் சுழியத்துக்கு மாற்றினாள், திரும்ப ஒன்றாக்கினாள், கூட்டுவதைப் பெருக்கலாக்கினாள். கடைசியில் 'சிறியது அல்லது சமம்' என்று வந்தது, பச்சை விழுந்தது, முழு மதிப்பெண். மதிப்பெண் பட்டியலில் அவளுக்கும், முதல் முயற்சியிலேயே யோசித்து எழுதியவனுக்கும் வித்தியாசம் இல்லை. அவளுக்கோ அந்தப் பச்சை ஏன் வந்தது என்று தெரியாது.

மறுநாள் கூப்பிட்டேன். "கம்ப்யூட்டரை மூடி வைம்மா. ஒரு பேப்பர் எடு." பழைய புரோகிராமைக் கொடுத்து டிரை ரன் போடச் சொன்னேன். இரண்டு பத்தி: எண்ணி ஒன்று, தொகை ஒன்று. எண்ணி 1, தொகை 1. எண்ணி 2, தொகை 3. மூன்றுக்கு 6. நான்குக்கு 10. அடுத்து எண்ணி 5 ஆகிறது. அது 5-ஐ விடச் சிறியதா? அவள் பேனா அங்கே நின்றது. "இல்ல மேம்... அதான் அஞ்சைக் கூட்டவே இல்லை." யாரும் சொல்லித் தராமல் அவளே கண்டுபிடித்தாள். அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பினாள். அன்றிலிருந்து என் வகுப்பில் லூப் வரும் எந்தப் பயிற்சிக்கும் புரோகிராமோடு ஒரு டிரை ரன் தாளின் படமும் ஏற்ற வேண்டும். தாளுக்குத் தனி மதிப்பெண்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பில்லை. 2001இல் மைக்கேல் மெக்ரேக்கன் தலைமையில் ஒரு குழு நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் புரோகிராமிங் பாடம் முடித்த 216 மாணவர்களைச் சோதித்தது. 110க்குச் சராசரி 23ஐக்கூடத் தொடவில்லை. பிரச்சினையைத் தீர்க்கும் திறன் போதவில்லை என்றுதான் அப்போது பலரும் விளக்கினார்கள். 2004இல் ரேமண்ட் லிஸ்டரும் கூட்டாளிகளும் அதற்கும் அடியில் போய்ப் பார்த்தார்கள். எழுதச் சொல்லாமல், பிறர் எழுதிய சிறு புரோகிராமைப் படித்து விடை என்ன வரும் என்று சொல்லச் சொன்னார்கள். பலருக்கு அதுவே தடுமாற்றமாக இருந்தது. படிக்கத் தெரியாதவரிடம் எழுது எழுது என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2007இல் பென்னட்சனும் காஸ்பர்சனும் பல நாட்டுக் கல்லூரிகளில் விவரம் கேட்டுத் தொகுத்தபோது, முதல் புரோகிராமிங் பாடத்தில் சராசரியாக மூவரில் ஒருவர் தேறவில்லை என்று வந்தது. என் வகுப்பில் அரியர் வைத்த முகங்களை நினைத்துக்கொண்டுதான் அந்த எண்ணைப் படித்தேன். அவர்களில் சோம்பேறி என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியாது.

அடுத்தது பிழைச்செய்தி. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் அதைப் படிப்பதே இல்லை. சிவப்பைப் பார்த்ததும் கண் அங்கிருந்து ஓடிவிடும். எனவே ஒரு விதி வைத்தேன்: சந்தேகம் கேட்பவர் முதலில் பிழைச்செய்தியை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், பிறகு எத்தனையாவது வரி என்று சொல்ல வேண்டும், பிறகு அதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தட்டுத் தடுமாறி வந்தாலும் பரவாயில்லை. பாதிச் சந்தேகங்கள் இரண்டாவது படியிலேயே தீர்ந்துவிடும். "பதினோராவது வரி... ஓ, இருங்க மேம்" என்று மைக் அணைந்துவிடும்.

படித்தும் விளங்காத செய்திகள் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது 'ஸ்ட்ரே 342'. ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்த குறிப்புகளிலிருந்து புரோகிராமை அப்படியே ஒட்டினான். அச்சு அசலாக நண்பன் எழுதியதுதான். நண்பனுக்கு ஓடுகிறது, இவனுக்கு 342, 200, 234 என்று மூன்று எண்களைக் கம்பைலர் எடுத்துக் காட்டுகிறது. புரோகிராமில் எங்கே தேடினாலும் 342 இல்லை. என்ன நடந்தது என்றால், குறிப்புகள் வேர்டில் தட்டச்சு செய்யப்பட்டவை. வேர்டு நேரான மேற்கோள் குறியை அழகாக வளைத்துவிடும். வளைந்த அந்தக் குறி யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படும், அந்த மூன்று பைட்டுகளை எட்டின் அடிமானத்தில் எழுதினால் 342, 200, 234. வளைந்த மேற்கோளைச் சி மொழிக்குத் தெரியாது, ஆகவே தனக்குப் புரியாத பைட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்குள் வேறாக இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்று எடுக்க வேண்டிய பாடத்தை விட்டுவிட்டு இதையே எடுத்தேன்.

சோதனைகளில் சிலவற்றை மாணவர்கள் பார்க்கலாம், சிலவற்றைப் பார்க்க முடியாது. மறைத்து வைப்பவற்றை எழுதுவதுதான் இந்தத் தொழிலில் மிகவும் யோசிக்க வேண்டிய வேலை. ஃபேக்டோரியல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டர்போ சி-யில் 'இன்ட்' 16 பிட், 32767க்கு மேல் போகாது. எட்டின் ஃபேக்டோரியல் 40320. நீலத் திரையில் அது -25216 என்று வரும். கழித்தல் குறியைப் பார்த்ததும் ஏதோ கோளாறு என்று யாருக்கும் தெரியும். இன்றைய கம்பைலரில் 'இன்ட்' 32 பிட். எட்டுக்கு ஒழுங்காக வருகிறது, பன்னிரண்டு வரை ஒழுங்காக வருகிறது, பதின்மூன்றுக்கு 1932053504 என்கிறது. சரியான விடை 6227020800. தப்பான விடையில் கழித்தல் குறி இல்லை, பார்க்க நல்ல பெரிய எண்ணாக இருக்கிறது, நம்பிவிடுவார்கள். அதனால் மறைந்திருக்கும் சோதனையில் 13 கட்டாயம் இருக்கும்.

பாடம் பைத்தானுக்கு மாறியபோது இந்த 13 போய்விட்டது. பைத்தானின் முழு எண்ணுக்கு அந்த வரம்பு கிடையாது. பள்ளியிலேயே 2019-20 முதல் பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் வந்துவிட்டது, அண்ணா பல்கலைக்கழகம் 2017 பாடத்திட்டத்திலேயே முதலாண்டுப் பொறியியலில் வைத்தது. நாங்கள் கொஞ்சம் பின்னால் வந்தோம். 13 போன இடத்தில் மழை வந்தது.

மழைக் கணக்கு புரோகிராமிங் ஆசிரியர்களிடையே புகழ்பெற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சொலொவே 1980களில் மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. தினசரி மழை அளவுகளை வாங்கிக்கொண்டே போ. நிறுத்து என்று ஓர் அடையாள எண் வந்ததும் நிறுத்திச் சராசரி சொல். கேட்க எளிது. லூப், நிபந்தனை, கூட்டல், எண்ணிக்கை, வகுத்தல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோக்க வேண்டும் என்பதால் நன்றாகப் படிப்பவர்களும் தடுமாறுவார்கள். நான் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். மில்லிமீட்டரில் அளவு, முடிவு அடையாளம் -999, எதிர்மறையான வேறு அளவு வந்தால் கருவிக் கோளாறு என்று விட்டுவிட வேண்டும்.

மறைத்து வைத்த சோதனை ஒன்றில் 490 என்று ஓர் அளவு இருந்தது. ஒரு பையன் தானாகவே முந்நூறுக்கு மேல் வந்தால் தவறான அளவு என்று தள்ளிவிட்டிருந்தான். சிவப்பு விழுந்ததும் வகுப்பில் கேட்டான்: "ஒரே நாள்ல அவ்வளவு மழை பெய்யுமா மேம்?" நான் பதில் சொல்லும் முன்னால் முடிச்சூரிலிருந்து ஒரு பெண் மைக்கைத் திறந்தாள். "பெய்ஞ்சுதுப்பா. நாங்க ராத்திரி முழுக்க மொட்டை மாடியிலதான் இருந்தோம்." 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். தரவைத் தள்ளிவிடும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும் என்பதை அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு சோதனையில் முதல் எண்ணே -999, அளவே இல்லை. அங்கே பெரும்பாலோர் சுழியத்தால் வகுத்து நின்றார்கள்.

இனி விகடகவி. முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் பயிற்சி எல்லாப் பாடத்திட்டத்திலும் உண்டு. ஆங்கிலச் சொற்களை வைத்தே செய்வார்கள். ஒருத்தி தானாகவே தமிழில் சோதித்துப் பார்த்தாள். விகடகவி என்று கொடுத்தாள், இல்லை என்று வந்தது. தேருவருதே என்று கொடுத்தாள், அதற்கும் இல்லை. "மேம், பைத்தானுக்குத் தமிழ் தெரியாதா?" என்று இரவில் செய்தி அனுப்பினாள். மறுநாள் வகுப்பு முழுவதையும் இதற்கே கொடுத்தேன்.

விகடகவியில் நமக்கு எழுத்து ஐந்து: வி, க, ட, க, வி. யூனிகோடில் குறிகள் ஏழு. 'வி' என்பது அங்கே வகரமும் இகரக் கொக்கியுமாக இரண்டு. தலைகீழாக்கினால் கொக்கி முன்னால் வந்து, பற்றிக்கொள்ள மெய்யில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தின்மேல் நிற்கும். நடுவே இன்னொரு கொக்கி ககரத்தின்மேல் ஏறி 'கி' என்றாகிவிடும். வணக்கம் என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தான் ஏழு என்னும். சி-யில் பைட்டாக எண்ணினால் இருபத்தொன்று. தமிழ் வாத்தியாரைக் கேட்டால் ஐந்து. மூன்றும் சரி, எதை எண்ணுகிறோம் என்பதுதான் வேறு. அப்படியானால் கொக்கியையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு ஒட்டவைத்து முதலில் எழுத்துகளைப் பிரிக்க வேண்டும், பிறகு திருப்ப வேண்டும். அதை அவர்களே எழுதினார்கள். 'க்ஷ' ஒரு எழுத்தா இரண்டா என்று விவாதம் வந்தது. 'கொ' என்பதை இரண்டு குறியாகவும் மூன்று குறியாகவும் சேமிக்க முடியும், திரையில் வேற்றுமை தெரியாது என்று காட்டியதும் ஒருவன் பழைய 342ஐ நினைவுபடுத்தினான். ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற நிரலகம் இந்த எழுத்துப் பிரிப்பை ஏற்கெனவே செய்கிறது என்பதைக் கடைசியில்தான் சொன்னேன்.

இப்படி முன்னும் பின்னும் ஒன்றாக வரும் மாலைமாற்று தமிழுக்குப் பழையது. சம்பந்தர் அதில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பார்த்தசாரதி கோயில் தேர் வரும் தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தேருவருதே வெறும் சொல்விளையாட்டும் இல்லை. தமிழை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று ஒரு முதலாண்டு மாணவிக்குத் தோன்றியதே, அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அதுதான்.

காப்பியடிப்பதைப் பற்றிக் கேட்காமல் யாரும் என்னை விடுவதில்லை. வேரியபிள் பெயர்களை மாற்றிவிட்டு ஒரே புரோகிராமை முப்பது பேர் ஏற்றுவது நடக்கும். ஸ்டான்ஃபோர்டின் அலெக்ஸ் ஐக்கென் உருவாக்கிய மாஸ் என்ற கருவி, பெயர்களைப் பார்க்காமல் அமைப்பைப் பார்த்து ஒற்றுமையைக் காட்டிவிடும். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு அதுவும் போதவில்லை. செமஸ்டரின் மூன்றாவது வாரத்திலேயே, நாங்கள் தொடாத பிழை கையாளும் பகுதிகளோடும் வழவழப்பான ஆங்கிலக் குறிப்புகளோடும் விடைகள் வர ஆரம்பித்தன. நான் தடை போடவில்லை. பதிலாக, இன்டர்னல் மதிப்பெண்ணில் பாதியை வைவாவுக்கு ஒதுக்கினேன். ஆளுக்கு ஐந்து நிமிடம், போனில் பேசினாலும் போதும், தமிழில் சொன்னாலும் போதும். "இந்த வரியை எடுத்துட்டா என்ன ஆகும்?" "லிஸ்ட் காலியா இருந்தா?" இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும். ஆசிரியருக்கு இது கடும் உழைப்பு. இரண்டு வகுப்பை ஒருவர் பார்த்தால் வாரமே போய்விடும். அதனால்தான் ஆட்களைக் குறைக்க இணைய வழிக் கல்வி வசதி என்று நினைக்கும் நிர்வாகங்களுக்கு இதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது: முதல் புரோகிராமிங் பாடத்துக்கு ஆள் வேண்டும்.

பெரிய அளவில் இணைய வழியில் புரோகிராமிங் எடுப்பவர்களும் கையால் செய்து பார்ப்பதையும் நேரில் சோதிப்பதையும் விட்டுவிடவில்லை. அடையாறில் சென்னை ஐஐடி 2020 ஜூன் 30 அன்று அறிவித்த இணைய வழிப் பட்டப்படிப்பில் சேர ஜேஇஇ வேண்டாம். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். அதன் தொடக்கப் பாடங்களில் ஒன்றில் மாதவன் முகுந்தும் ஜி. வெங்கடேஷும் கணினியைத் தொடுவதே இல்லை. மதிப்பெண் அட்டைகளையும் கடை ரசீதுகளையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு குவியலிலிருந்து எடுத்துப் பார்த்து இன்னொரு குவியலில் போடுகிறார்கள். என்னென்ன செய்தோம் என்பதை அப்புறம் எழுதுகிறார்கள். 2003இல் தொடங்கிய என்பிடெல், 2017இல் வந்த ஸ்வயம் இரண்டின் வழியாகவும் நம் ஊர்ப் பிள்ளைகள் புரோகிராமிங் படிக்கிறார்கள். அங்கேயும் வாராந்திரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அந்த 75-ஐ ஏன் வைத்தார்கள் என்பது வைவா எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

எங்கள் செய்முறைத் தேர்வுத் தாள்கள் மட்டும் இன்னும் மாறவில்லை. ஒரு புரோகிராம் எழுது, ஓட்டு, அவுட்புட் காட்டு. படித்துச் சொல்லும் கேள்வி ஒன்றாவது வேண்டும் என்று பாடக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதிரிக்கு மூன்று கேள்விகளும் இணைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் இப்படி: பிழையுள்ள பத்து வரிப் புரோகிராம், அதன் பிழைச்செய்தி, எந்த வரியில் ஏன் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ நான்கு வரி.

வரும் செமஸ்டருக்குப் புதிய பயிற்சி ஒன்று தயாராகிறது. பாரதி சாலையில் ஒரு முனையிலிருந்து நடந்து கடைப் பெயர்களைத் தமிழில் குறித்து வர வேண்டும். அவற்றை அகர வரிசையில் அடுக்க வேண்டும். பைத்தானின் வரிசைப்படுத்தும் கட்டளை யூனிகோடு எண்களைப் பார்த்து அடுக்கும். அங்கே றகரம் லகரத்துக்கு முன்னால், னகரம் பகரத்துக்கு முன்னால், வகரம் ழகரத்துக்குப் பின்னால். நம் அகராதியில் வரிசை வேறு. மறைத்து வைக்கும் சோதனைகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ஜ'வில் தொடங்கும் பெயர்களை எங்கே வைப்பது என்பதை மட்டும் மாணவர்களையே முடிவு செய்து, காரணம் எழுதச் சொல்லப் போகிறேன்.